ஒரு பொய்கூட இல்லாத நோட்டீஸ்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் திருநெல்வேலி ஜங்ஷனிலோ வண்ணாரப்பேட்டையிலோ நடந்து போனால் கையில் ஒரு நோட்டீஸ் வந்து சேரும். ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ டிப்ளமோ. ஆறு மாசம் அல்லது ஒரு வருஷம். பத்தாவது ஃபெயிலானவங்களும் சேரலாம். வெளிநாட்டில் கை நிறையச் சம்பளம். அடியில் வரிசையாக ஏழெட்டு முத்திரைகள். இந்த வகை நோட்டீஸ்களை ஒரு பிரதி மாதிரி உட்கார்ந்து வாசித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. எந்தத் தனி நிறுவனத்தையும் பற்றியது இல்லை. எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பற்றியது.

இந்தப் படிப்பு ஏன் நம்ம ஊரில் இவ்வளவு விலை போகுது என்பதற்குக் காரணம் தேட வேண்டாம். ஒரு பக்கம் கூடங்குளம், இன்னொரு பக்கம் மகேந்திரகிரி, வடக்கே கங்கைகொண்டான் சிப்காட். அதுக்கும் மேல வளைகுடா. தெருவுக்கு ஒரு அண்ணன் தம்மாமிலோ ஜுபைலிலோ இருக்கான். அவன் போட்டிருக்கிற ஹெல்மெட்டும் பச்சை ஜாக்கெட்டும் வாட்ஸ்அப்பில் வருது. பாளையங்கோட்டைக்குத் ‘தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு’ என்று பட்டப்பேர் உள்ள ஊர் இது. இங்கே ‘படிப்பு’ என்று சொன்னாலே பாதி நம்பிக்கை வந்துவிடும். பீடி சுத்துற அம்மா சேர்த்த காசும் அடகுக்குப் போன ரெட்டை வடமும் ஃபீஸாக மாறுவது இப்படித்தான்.

சரி, முத்திரைகளுக்கு வருவோம். எனக்கு ஆச்சரியமாக இருப்பது, அவற்றில் பெரும்பாலானவை உண்மை என்பதுதான்.

‘ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்றது.’ உண்மையாகவே வாங்கியிருக்கலாம். முதலில், ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்று கொடுப்பதில்லை. அது தரவரையறையை எழுதுகிறது, சான்று கொடுப்பது வேறு தனியார் நிறுவனங்கள். இரண்டாவது, 9001 என்பது நிர்வாக முறை பற்றியது. ஒரு அலுவலகம் தன் வேலையை ஒழுங்கான நடைமுறைப்படி செய்கிறதா என்றுதான் அது பார்க்கும். வகுப்பில் சொல்லிக்கொடுப்பது சரியா, அந்த டிப்ளமோவுக்கு மதிப்பு உண்டா என்பது அதன் வேலையே இல்லை.

‘இந்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. பதிவு.’ இதுவும் உண்மை. 2020 ஜூலை 1 முதல் உத்யம் இணையதளத்தில் சுயஅறிவிப்பு கொடுத்து இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். மாவு மில்லும் பதியலாம், செல்போன் கடையும் பதியலாம். ‘நிதி ஆயோக்கில் பதிவு’ என்றால் தொண்டு நிறுவனங்களுக்கான தர்பன் தளத்தில் ஒரு எண் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தில் பதிவு’ என்றால் கம்பெனி தொடங்கியிருக்கிறார்கள். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் ஆபீஸில் பத்திரம் பதிந்திருக்கிறார்கள்.

ஆக ‘அரசுப் பதிவு பெற்றது’ என்ற வாக்கியத்தில் பொய் இல்லை. ‘பதிவு’ என்று எழுதியிருப்பதை நாம்தான் ‘அங்கீகாரம்’ என்று வாசிக்கிறோம். அந்த வழுக்கலை நம்பித்தான் நோட்டீஸே அச்சாகிறது. ‘100 சதவீத வேலைவாய்ப்பு உதவி’ என்பதிலும் இதே வித்தைதான். ‘100 சதவீதம்’ பெரிய எழுத்தில், ‘உதவி’ சின்ன எழுத்தில். வேலை கிடைக்காட்டி, உதவி செஞ்சோம்லா என்று கேட்க முடியும்.

பெயர்களிலும் இது உண்டு. ‘நேஷனல்’, ‘கவுன்சில்’, ‘போர்டு’. அரசின் ஆதரவு பெற்றது போலத் தோன்றும் பெயர்களைத் தடுக்கத்தான் 1950-லேயே சின்னங்கள், பெயர்கள் தவறான உபயோகத் தடுப்புச் சட்டம் வந்தது. அசோகச் சின்னத்துக்குத் தனியாக 2005-ல் ஒரு சட்டம். இரண்டுக்கும் கையில் சிக்காமல் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் நிறைய.

அடுத்தது வெளிநாட்டுச் சரக்கு. ‘ஓஷா 30 மணி நேரச் சான்றிதழ்.’ ஓஷா என்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள பாதுகாப்பு அமைப்பு. 30 மணி நேர வகுப்பு அவர்களுடைய விழிப்புணர்வுத் திட்டத்தில் ஒன்று. அது தகுதிச் சான்றிதழ் ஆகாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வகுப்பு நடத்தும் பயிற்சியாளர்கள் பொதுவாக அமெரிக்க எல்லைக்குள்தான் நடத்த முடியும். அப்படியானால் வண்ணாரப்பேட்டை மாடியில் கிடைப்பது என்ன? சான்றிதழைக் கூர்ந்து பார்த்தால் ‘ஓஷா விதிகளை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி’ என்று இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல். அதில்தான் மொத்த வியாபாரமும்.

பிரிட்டனின் நெபோஷ் கதை வேறு. அது நிஜமான தேர்வு அமைப்பு. 1979 முதல் இருக்கிறது. தேர்வுத்தாளும் மதிப்பெண்ணும் அவர்கள் கையில். பாடம் நடத்த அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். அதனால் நெபோஷ் என்று போட்டிருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ரெண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். இந்த ரெண்டு நிமிஷத்தைச் செலவழிக்காமல் ஃபீஸ் கட்டுபவர்கள்தான் அதிகம்.

உறுப்பினர் அட்டை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். டிப்ளமோவோடு ‘சர்வதேச பாதுகாப்பு வல்லுநர் சங்க’ உறுப்பினர் அட்டை என்று ஒன்று தனிக் கட்டணத்தில் கொடுப்பார்கள். பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். தொழில்முறைச் சங்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இதை எடைபோடுவது சுலபம். பிரிட்டனில் ஐயோஷ் என்றொரு அமைப்பு (பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம்) 1945-ல் தொடங்கியது. அங்கே பணம் கட்டினால் யாரும் சேரக்கூடிய அடிப்படை நிலையும் இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் இருப்பவர் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட முடியாது. எழுத்து வேண்டுமானால் படிப்பைக் காட்டணும்; மேலே போகப் போக அனுபவத்தைக் காட்டணும், தொடர்ந்து கற்றுக்கொள்வதற்குக் கணக்குக் காட்டணும். நோட்டீஸ் சங்கத்தில் யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா, நடத்தை சரியில்லை என்று யாரையாவது நீக்கியிருக்கிறார்களா? யாரையும் மறுக்காத சங்கத்தின் அட்டை, பணம் கட்டிய ரசீதுக்கு மேல் எதையும் சொல்வதில்லை.

நம்ம நாட்டுச் சங்கங்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1920-ல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வு, பல தலைமுறைகளுக்குப் பொறியியல் பட்டத்துக்குச் சமமாக இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்து முன்னேறியவர்கள் நெல்லையிலும் உண்டு. அந்தச் சமநிலை 2013 மே 31 வரை சேர்ந்தவர்களோடு முடிந்தது. நிறுவனம் அதேதான், தேர்வும் நடந்தது. ஏற்றுக்கொள்பவர் மாறியதும் தாளின் மதிப்பு மாறிவிட்டது. எவ்வளவு நேர்மையான சங்கமாக இருந்தாலும் மதிப்பு அதன் கையில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

படிச்சவங்களும் ஏமாறுவாங்களா என்று கேட்டால், 2023 பிப்ரவரி 26-ஐ ஞாபகப்படுத்தலாம். அண்ணா பல்கலைக்கழக அரங்கில் ஒரு தனியார் ‘கவுன்சில்’ பிரபலங்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பெயர் அடிபட்டவர்களில் இசையமைப்பாளர் தேவாவும் நடிகர் வடிவேலுவும் உண்டு. அரங்கம் கேட்டு வந்தவர்கள் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் பெயரில் பரிந்துரைக் கடிதம் காட்டினார்கள். பட்டத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று துணைவேந்தர் பிறகு சொன்னார். விவகாரம் போலீஸுக்குப் போனது. அரங்கத்தின் பெயர் கடிதத்துக்கும், கடிதம் அரங்கத்துக்கும், இரண்டும் சேர்ந்து பட்டத்துக்கும் வலு கொடுத்தன. நோட்டீஸில் வரிசையாக நிற்கும் முத்திரைகளும் இப்படித்தான் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. தனித்தனியாகப் பிரித்தால் ஒன்றும் நிற்காது.

கடைசி முத்திரை ஒன்று பாக்கி. ‘வெளியுறவு அமைச்சக அட்டெஸ்டேஷன் செய்து தரப்படும்.’ அந்த முத்திரை, ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் சீலும் சரிதானா என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே எழுதியிருப்பதற்கு அமைச்சகம் பொறுப்பில்லை. மதிப்பில்லாத தாள் முறைப்படி முத்திரை வாங்கி விமானம் ஏறலாம்.

அப்போ எதைத்தான் கேட்பது? சான்றிதழ் கொடுப்பவரிடம் ‘இது செல்லுமா’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. அவர் செல்லும் என்றுதான் சொல்வார். அதை வாங்கிப் பார்த்து வேலை கொடுக்கிறவரிடம் கேட்கணும். இந்தியாவில் பாதுகாப்பு அதிகாரி என்பது சட்டத்தில் உள்ள பதவி. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 40பி பிரிவு, 1000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைக்கு அவரைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அதை 500 ஆக்கியிருக்கிறது. அந்தப் பதவிக்குப் பட்டமோ பொறியியல் டிப்ளமோவோ வேண்டும்; அதற்குமேல் ஆலையில் மேற்பார்வை அனுபவம்; அதற்கும் மேல் அங்கீகாரம் பெற்ற தொழில் பாதுகாப்பு டிப்ளமோ; தொழிலாளர்கள் பேசும் மொழியும் தெரிந்திருக்கணும். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் ஒரு வருடப் படிப்பு இந்த வகை. பத்தாவது ஃபெயிலானவர் ஆறு மாசத்தில் ‘சேஃப்டி ஆபீஸர்’ ஆக இதில் எங்கே வழி? நிஜத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடியது வெல்டிங் நடக்கும் இடத்தில் தீ பிடிக்காமல் பார்த்து நிற்கிற ‘ஃபயர் வாட்ச்’ வேலை. அது கேவலமான வேலை இல்லை. ஆனால் நோட்டீஸில் அந்தப் பெயரைப் போட்டால் அந்த ஃபீஸை யாரும் கட்ட மாட்டார்கள்.

வேறு தொழிற்பயிற்சி என்றால் என்.சி.வி.இ.டி. என்ற மத்திய ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நர்சிங் என்றால் மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவாகுமா என்று கேளுங்கள். ஏ.என்.எம். ரெண்டு வருஷம், ஜி.என்.எம். மூணு வருஷம். ‘ஒரு வருட நர்சிங்’ என்ற சொல்லே விடை.

பணம் போனது மட்டும்தான் நஷ்டம் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. எண்ணெய் ஆலைகளில் பராமரிப்புக்காக டாங்கிக்குள் ஆள் இறங்கும்போது, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. வெளியே நிற்பவன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கணும். உள்ளே ஒருவன் சரிந்தால், தானும் இறங்காமல் உதவி கூப்பிடத் தெரிந்திருக்கணும். மூடிய தொட்டிச் சாவுகளில் காப்பாற்றப் போனவனும் சேர்ந்து சாவது வழக்கமான கதை. நம்ம ஊர்க் கழிவுநீர்த் தொட்டிச் செய்திகளிலேயே படித்திருப்பீர்கள். வாயு அளக்கும் கருவியைக் கையில் தொட்டுப் பார்க்காமல், மொட்டை மாடியில் தீயணைப்பான் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு போன பையன் அந்த டாங்கி வாசலில் நிற்கிறான். அவனை நம்பி உள்ளே இறங்கியிருப்பவன் பீகார்க்காரனாகவோ நேபாளியாகவோ இருப்பான். அவன் இந்த நோட்டீஸைப் பார்த்ததே இல்லை.

எல்லாப் பயிற்சி மையமும் மோசம் என்று சொல்லவில்லை. ‘இது அறிமுகப் பயிற்சி, இதை வைத்து ஆபீஸர் ஆக முடியாது, ஃபயர் வாட்ச் வேலைக்கு உதவும்’ என்று நேராகச் சொல்லி, கருவிகளைக் கையில் கொடுத்துப் பழக்குகிற இடம் இருந்தால் சேரலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஃபீஸும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

‘படிப்பு முடிச்சா நாங்களே அனுப்பி வைப்போம்’ என்றால் அது வேறு சட்டம். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவருக்கு மத்திய அரசின் உரிமம் வேணும். இ-மைக்ரேட் தளத்தில் பெயர் தேடலாம். கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் கேட்கக்கூடாது. உரிமம் இல்லாத ஆளிடம் போய் 2022-ல் தாய்லாந்து ஐ.டி. வேலை என்று நம்பியவர்கள் மியான்மரில் மோசடிக் கூடங்களில் மாட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு ஒரு விநோதமான சௌகரியம் உண்டு. கல்லூரி, பல்கலைக்கழகம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, ஆனால் கோச்சிங் சென்டர் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. கோச்சிங் துறையின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல்களும் வந்தன. வேலை உத்தரவாதம் என்று பொய் சொல்வதும் அதில் அடங்கும். அதனால் நோட்டீஸைத் தூக்கிப் போடாமல் ரசீதோடு பத்திரமாக வையுங்கள். 1915-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சேரும்போதே பத்தாவது, ப்ளஸ் டூ ஒரிஜினலைக் கேட்டால் கொடுக்காதீங்க. பாதியில் விலகினால் மீதி ஃபீஸ் கட்டுற வரைக்கும் அதைப் பிடித்து வைப்பார்கள். கல்லூரிகளே மாணவர்களின் ஒரிஜினலை வைத்துக்கொள்ளக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்துவிட்டது. மாடி மேல நடக்கிற பயிற்சி மையத்துக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? ஒரிஜினலைக் காட்டிட்டு அப்பவே திருப்பி வாங்கி பையில வச்சுக்கோங்க. ஜெராக்ஸில், எதுக்காகக் கொடுத்தது என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்க.