நிற்கத் தெரியாத தொட்டில் மோட்டார்

எங்கள் வீட்டுக் கூரைக் கொக்கியில் ஆறு வாரமாக ஒரு தொட்டில் மோட்டார் தொங்குகிறது. ஸ்பிரிங், அடாப்டர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, டைமர் எல்லாம் இந்த வகையில் எதிலும் இருப்பவைதான். அம்மாவின் பழைய நூல் சேலையில் தூளி கட்டி, நான்கு மாத மகளைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் இரண்டு மூன்று நிமிடத்தில் அழுகை அடங்கிவிடுகிறது. சத்தமும் குறைவு. மிக்ஸி மாதிரி இரையும் மோட்டார்களைச் சொந்தக்காரர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். இது ஃபேன் காற்றிலேயே அமுங்கிப்போகிறது. இதே கம்பெனி கிரைண்டர் எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக உழைக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் வாங்கினேன், ஆட்டுகிற வேலையில் அது வீண்போகவில்லை.

சிக்கலெல்லாம் அது நிற்கும்போதுதான்.

டைமர் முடிந்த நொடியில் 'டொக்' என்று நின்றுவிடுகிறது. வேகம் குறைவதே இல்லை. ஸ்பிரிங் ஒரு வெட்டு வெட்டும், தூளி குலுங்கும், போதாததற்கு 'பீப்' என்று ஒரு கூவல் வேறு. சேலை மடிப்புக்குள் மகளின் விரல்கள் சட்டென்று விரியும். கீழுதடு பிதுங்கும். அடுத்து வீறிடல். டைமரை இருபது நிமிடம் வைத்தாலும் ஒரு மணி நேரம் வைத்தாலும் இதே கதை. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த பீப் சத்தத்தைக் கேட்கும்போது எனக்கு வருகிற கோபத்தை அதைப் பொருத்தியவர்கள் பார்க்க வேண்டும். தூங்கும் குழந்தையின் தலைக்கு மேல் யாருக்காக அந்தக் கூவல்?

"ஆட்டுறது யாரு வேணா ஆட்டலாம்டா, விடுறதுலதான் இருக்கு. ஆட்டம் நின்னதே பிள்ளைக்குத் தெரியக் கூடாது" என்றாள் அம்மா. பாயில் படுத்தபடியே தூளிக் கயிற்றை இழுத்து எங்களை வளர்த்தவள்.

ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. அழும் குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்ததில் அழுகை ஓய்ந்தது. கிட்டத்தட்டப் பாதிக் குழந்தைகள் தூங்கியும் போயின. ஆனால் தூங்கிய உடனே கீழே விட்டால் பல குழந்தைகள் விழித்துக்கொண்டன. மடியில் வைத்தபடி இன்னும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடத்துங்கள் என்றார்கள் ஆய்வாளர்கள். தூக்கம் பிடித்தால் போதாது, கொஞ்சம் இறுக வேண்டும்.

இப்போது நான் டைமரைத் தொடுவதில்லை. மகள் கண் செருகியதும் ஒரு கையால் தூளியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மோட்டாரை அணைக்கிறேன். பிறகு அம்மா சொன்னபடி கையாலேயே ஆட்டி, ஆட்டி, குறைத்து விடுகிறேன். எட்டு நிமிடம் பொறுத்து, தூக்கிப் போய்ப் பாயில் மல்லாக்கக் கிடத்துகிறேன். போன வாரம் இரண்டு இரவு நாலரை மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினாள்.

பாய்க்கு மாற்றுவதை விட்டுவிடாதீர்கள். டப்பாவின் மேல் 'இரவு முழுவதும் நிம்மதி' என்று அச்சடித்திருக்கிறார்கள்; அதை நான் ஏற்கவே மாட்டேன். தூளியில் குழந்தை வளைந்துதான் கிடக்கும். தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுவழி குறுகும். கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கத் தூங்க வையுங்கள் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தூளி தூங்கப் பண்ணுவதற்கு, அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

கடைக்குப் போனால் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். எல்லா மோட்டாரும் நன்றாகத்தான் ஓடும். ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைத் தூளியில் போடச் சொல்லி, டைமரைக் குறைந்த நேரத்துக்கு வைத்து, அது தானாக நிற்கும்வரை அங்கேயே காத்திருங்கள். பை குலுங்கினால் வாங்காதீர்கள்.