பச்சை ரத்தம், ஐந்து நட்சத்திரம்

ஃபௌஜிக்கு நான் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவன். போனில் இறக்கினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் நட்சத்திரத்தைத் தட்டிவிட்டேன். 2021 ஜனவரி 26, குடியரசு தினம், அன்றைக்குத்தான் கேம் வெளியானது. பக்கத்தில் இருந்த சித்தப்பா மகன் ஐந்து கொடுத்தான். அவனும் விளையாடியிருக்கவில்லை. வடுகபட்டியில் ஒரே திண்ணையில், என் ஹாட்ஸ்பாட்டில் அவன் நெட் எடுத்துக்கொண்டே, இரண்டு பேரும் சண்டை போட்டோம். நான் அவனை சங்கி என்றேன். அவன் என்னை ஆன்ட்டி இண்டியன் என்றான். உள்ளே இருந்து அப்பத்தா கேட்டது: "எந்தக் கட்சிக்குடா இப்படி அடிச்சுக்கிறீங்க?"

சரியான கேள்வி. நாங்கள் அன்று போட்டது விமர்சனம் இல்லை, ஓட்டு.

பின்கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தது. செப்டம்பர் 2 அன்று இன்னும் 118. அதில் பப்ஜி மொபைலும் போனது. இரண்டே நாளில் நடிகர் அக்‌ஷய் குமார் ஃபௌஜியை அறிவித்தார். பெங்களூரு என்கோர் கேம்ஸ் தயாரிப்பு. நிகர வருமானத்தில் 20 சதவீதம் 'பாரத் கே வீர்' நிதிக்கு என்றார்கள். இந்தியில் ஃபௌஜி என்றால் படைவீரன். பப்ஜியோடு காதுக்கும் ஒத்துப்போகிறது. பேர் வைத்தவர் கெட்டிக்காரர்.

கேம் வந்ததும் ஸ்டோரில் ஒரு பக்கம் தேசபக்தி ஐந்து, இன்னொரு பக்கம் 'பப்ஜி மாதிரி இல்லையே' என்கிற ஏமாற்றத்தின் ஒன்று. இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு கோஷ்டி உண்டு. எப்போதும் நியாயவான் மாதிரியே பேசும். "கேம்ல எதுக்கு ப்ரோ பாலிடிக்ஸ்? ஜாலியா ஆடுவோம்."

எனக்கு இவர்கள் மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் நானே பல நாள் அப்படிப் பேசியிருக்கிறேன். பப்ஜியில் நாங்கள் குதித்த எராங்கல், சோவியத் ராணுவத் தளம் இருந்து கைவிடப்பட்டதாகக் கற்பனை செய்யப்பட்ட தீவு. போச்சின்கி என்கிற ரஷ்யப் பெயரை, தாமரைக்குளம் மேல்மங்கலம் மாதிரி பக்கத்து ஊராகவே சொல்லிப் பழகினோம். அதில் அரசியல் தெரியவில்லை, அது அடுத்தவன் அரசியல் என்பதால். 2021 ஜூலையில் அதே கேம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவாகத் திரும்பி வந்தபோது ரத்தம் பச்சையாகியிருந்தது. 'கில்' என்ற சொல் போய் 'ஃபினிஷ்' வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். சுட்டால் வழியும் ரத்தத்தின் நிறம்வரைக்கும் ஓர் அரசாங்கத்தை மனதில் வைத்து முடிவாகிறது. இதில் அரசியலைக் கழித்துவிட்டு எதை ஜாலியாக ஆடுவது?

அந்த வாரக் கடைசியில் ஒரு ராத்திரி, மனசு உறுத்தி, ஃபௌஜியைத் திறந்தேன். படையிலிருந்து பிரிந்துபோன வீரர் ஒருவர் தோழர்களைத் தேடிப் போகிறார். வழியெல்லாம் சீன வீரர்கள். துப்பாக்கி கிடையாது. கை, கால், கிடைக்கிற தடி. அடிக்கிறோம், விழுகிறார்கள். உடம்பு தளர்ந்தால் நெருப்பு மூட்டியிருக்கிற இடத்தில் உட்கார்ந்தால் போதும், உயிர் ஏறிவிடும். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் தானாகவே தட்ட ஆரம்பித்துவிட்டது. நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் குறை இதுதான். ஃபௌஜியில் அரசியல் கூடிவிட்டது என்று அதைத் திட்டினோம். உண்மையில் அதில் அரசியல் போதவில்லை. கல்வானில் இரண்டு பக்கமும் அணு ஆயுத நாடுகள். நம் வீரர்களிடம் ஆயுதம் இருந்தது, ஆனால் 1996, 2005 ஒப்பந்தங்களின்படி இப்படிப்பட்ட மோதலில் சுடாமல் இருப்பதே நெடுநாள் வழக்கம் என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அப்போதே சொன்னார். யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவன் அடிபட்டு விழுகிறான். உங்களிடம் துப்பாக்கி இருக்கிறது. சுடக் கூடாது. சுட்டால் இரண்டு நாட்டுக்கும் போர். இந்த ஒரு விதியைச் சினிமா காட்டலாம், கதை எழுதலாம். ஆனால் அதை ஆளின் விரலிலேயே வைத்து உணரச் செய்ய முடிந்தது வீடியோ கேமால் மட்டும்தான். திரையில் சுடும் பட்டன் இருக்க வேண்டும், அதைத் தொடக் கூடாது. ஃபௌஜி அந்தப் பட்டனையே எடுத்துவிட்டது. அப்புறம் அங்கே தவிப்பு எப்படி வரும்?

குளிரும் அப்படித்தான். படுகாயமடைந்த 17 பேர் அந்த உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழான குளிரில் கிடந்து இறந்ததாக ராணுவத்தின் அறிக்கையே சொன்னது. கேமில் பனி வெறும் படுதா. செத்தவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. நெருப்பில் கை காய்ச்சி எழுந்துவர அவருக்கு வாய்க்கவில்லை. அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் பேரில் நிதி திரட்டுவதாகச் சொன்ன கேம், அவர் எப்படிச் செத்தார் என்பதைப் பார்க்கவே இல்லை. கேம் வெளியாகி மாதம் முடியும் முன், பிப்ரவரி 19 அன்று, சீனா தன் பக்கம் இறந்தவர்கள் நான்கு பேர் என்று அறிவித்தது. நான் அதற்குள் நூறு பேரையாவது வீழ்த்தியிருப்பேன்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "அப்ப நீ ஒண்ணு குடுத்தது சரிங்கிற?" இல்லை. விளையாடிவிட்டுக் கொடுத்திருந்தாலும் நான் இரண்டுக்கு மேல் போயிருக்க மாட்டேன். ஆனால் அன்று தட்டிய ஒன்று அந்த இரண்டைவிடப் பொய். அது கேமைப் பற்றியதே இல்லை. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தம்பிக்குக் காட்டத்தான் தட்டினேன். தம்பி தட்டிய ஐந்தும் அதேதான். பழனி இரண்டு பேர் கணக்கிலும் வரவில்லை.

எங்கள் ஊர் பூண்டுச் சந்தைக்குப் பேர்போனது. கொடைக்கானல் மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கும். யாவாரி யாராக இருந்தாலும் முதலில் மூட்டைக்குள் கை விட்டு, ஒன்றை எடுத்து, பல்லை உடைத்து, மோந்து பார்ப்பார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். மூட்டை கட்டியிருக்கும்போதே விலை சொல்கிறவனை அங்கே ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். பகையாளி மூட்டை என்றாலும் உடைத்துப் பார்த்துத்தான் மட்டம் என்று சொல்லணும்.

அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பிறகு அழித்துவிட்டேன். இரண்டு என்று மாற்றவும் தோன்றவில்லை. சொல்ல வந்தது நட்சத்திரத்தில் அடங்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியதாயிற்று.