மேற்கோளும் மதிப்பும்

ஒரு நூலின் பெருமையை, அதனை எத்தனை பேர் எடுத்தாண்டனர் என்று எண்ணித் தெரிந்துகொள்ள இயலுமா? தமிழ் கற்றோர்க்கு இவ்வினா முற்றிலும் புதிதன்று. உரையாசிரியர்கள் காட்டும் மேற்கோள்களைக் கொண்டே, ஒரு நூல் சான்றோரிடையே பெற்றிருந்த செல்வாக்கை நம் முன்னோர் உணர்ந்தனர். ஆயினும் அச்செல்வாக்கிற்கு அவர்கள் எண் இட்டதில்லை. நம் காலத்திலோ அவ்வெண் பிறந்து, வளர்ந்து, ஆட்சியும் செலுத்தத் தொடங்கிவிட்டது. ஆராய்ச்சி இதழ்களின் உயர்வு தாழ்வை மேற்கோள்களின் தொகையால் அளந்து, தசமப்புள்ளி இட்டு அறிவிக்கின்றனர். கல்லூரியிலும் ஆராய்ச்சிக் கூடத்திலும் பயிலும் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை இவ்வெண் தொடுகிறது. ஆதலின், பிறந்த ஊர் விட்டு மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நாமும் இதனை ஆராய்ந்து பார்த்தல் தகும்.

அளவுகோல் பிறந்த வரலாறு

இவ்வளவுகோல் நூலகத்தின் தேவையிலிருந்தே பிறந்தது. கல்லூரி நூலகம் எந்த வேதியியல் இதழ்களை வாங்க வேண்டும் என்பதற்கு விடை காண, அமெரிக்காவில் கிராஸ் என்னும் பெயருடைய இருவர், முதன்மையான இதழ் ஒன்றின் ஓராண்டு மேற்கோள்களை எண்ணி 1927இல் முடிவை வெளியிட்டனர். 1955இல் யூஜீன் கார்பீல்டு என்பார் 'சயன்ஸ்' இதழில் மேற்கோள் அட்டவணை ஒன்றின் தேவையை எடுத்துரைத்தார். அவர் பிலடெல்பியாவில் நிறுவிய நிறுவனம் 1960களில் அவ்வட்டவணையையும், 1975 முதல் இதழ்களின் வரிசை அறிக்கையையும் வெளியிட்டது. நூலகப் பணியில் கணக்கியலைப் புகுத்தும் எண்ணம் தமிழர்க்கும் அயலானதன்று. சீர்காழி தந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1948இலேயே அதற்கு 'லைப்ராமெட்ரி' என்று பெயரிட்டு முன்மொழிந்தார்.

'இம்பாக்ட் பாக்டர்' எனப்படும் தாக்கக் காரணியைக் கணக்கிடும் முறை எளிது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரைகளை வெளியிட்டது என்று கொள்வோம். அவற்றை இவ்வாண்டில் 150 முறை பிறர் சுட்டினால் அதன் காரணி 1.5 ஆகும். எவ்விதழைப் பிறர் மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர் என்று நூலகர் அறிய இது உதவும். அந்த எல்லைக்குள் நிற்கும்வரை இதனைக் குறை கூற நமக்குக் காரணம் இல்லை.

சராசரியின் மயக்கம்

குறை, எல்லை கடக்கும்போது தோன்றுகிறது. காரணி என்பது சராசரியே. படிகவியல் துறையின் 'ஆக்டா கிரிஸ்டலோகிராபிகா' இதழின் முதற்பிரிவு 2008இல் பெற்ற காரணி 2.051, அடுத்த ஆண்டே அது 49.926 ஆக உயர்ந்தது. இதழின் தரம் ஓராண்டில் இருபத்துநான்கு மடங்கு பெருகிவிட்டதா? இல்லை. ஷெல்ட்ரிக் என்பார் எழுதிய ஒரே கட்டுரையைப் பல்லாயிரவர் சுட்டியதன் விளைவு அது. அவ்விதழில் எழுதிய ஏனையோரும் அவ்வெண்ணின் நிழலில் உயர்ந்து காணப்பட்டனர்.

இரண்டு ஆண்டு என்னும் கெடுவும் எல்லாத் துறைக்கும் பொருந்துவதன்று. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசன், 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் தம் முதற்கட்டுரையை வெளியிட்டவர். 1920இல் ஹார்டிக்கு வரைந்த இறுதிக் கடிதத்தில் அவர் குறித்த 'மாக் தீட்டா' சார்புகளின் உள்ளமைப்பு, 2002இல் சுவேகர்ஸ் என்னும் இளம் ஆய்வாளரின் ஆய்வேட்டிலேயே தெளிவுற்றது. எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கனிந்த கருத்தை இரண்டாண்டுக் கோலால் எவ்வாறு அளப்பது?

அலுவலகத்தில் எழுத்துப்பணி செய்வோர்க்கு இன்னொன்றும் எளிதில் விளங்கும். தபால் பதிவேட்டில் ஒரு கோப்பின் எண் இருபது முறை ஏறியிருக்கலாம். அதனால் அக்கோப்பில் நல்ல முடிவு காணப்பட்டது என்று ஆகாது. பிழையைத் திருத்தவே அது இருபது முறை அலைந்திருக்கலாம். அவ்வாறே, மறுப்பதற்காகச் சுட்டிய மேற்கோளும் போற்றுவதற்காகச் சுட்டிய மேற்கோளும் கணக்கில் ஒன்றாகவே நிற்கின்றன.

மேற்கோள் மறைப்பன

எண்ணப்படுவனவற்றின் குறை இது. எண்ணப்படாமற் போவன இன்னும் பல. நச்சினார்க்கினியர் தம் உரையில் எத்தனையோ பழம்பாட்டடிகளை எடுத்துக் காட்டுகிறார். பெரும்பாலும் அவை எந்நூலைச் சார்ந்தவை என்று கூறுவதில்லை. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டுச் சுவடிகளில் பிற நூல்களைப் பயிலப் பயில, அவ்வடிகளின் பிறப்பிடத்தை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார். சங்க நூல்கள் மீண்டும் வெளிச்சம் பெற்றதில் அத்தேடலுக்குப் பெரும்பங்கு உண்டு. பெயர் சுட்டா மேற்கோள் நவீன அட்டவணையில் சுழியம். தமிழ் இலக்கிய வரலாற்றிலோ அது ஒரு கருவூலத்தின் திறவுகோல்.

நாம் வாழும் கொச்சியே இதற்கு மற்றொரு சான்று தருகிறது. டச்சு ஆளுநர் வான் ரீடு இங்கிருந்து தொகுப்பித்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 742 செடிகொடிகளை விளக்கும் அப்பெருநூலுக்கு அறிவு வழங்கியோர் இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் கொங்கணியர் மூவரும் ஆவர். அவர்களுடைய சான்றுரைகளை முதல் தொகுதி முறையாகவே அச்சிட்டது. ஆயினும் 1753இல் லின்னேயசு தம் தாவர நூலில் இதனைச் சுட்டியபோது ரீடு என்னும் பெயரையே குறித்தார். மேற்கோள் அட்டையில் உள்ள பெயரை எண்ணும். மூலிகையைக் கைதொட்டுக் காட்டியவரை எண்ணாது.

ஏட்டைக் கடந்த பயன்

மூன்றாவதாக, தாளில் தங்காத தாக்கம் ஒன்று உண்டு. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தோன்றி, இராமநாதபுரக் கரையின் மண்டபம் முகாமில் இயங்கி, 1971இல் கொச்சிக்குத் தலைமையிடம் மாறியது. நம்மைப்போலவே தமிழகக் கரையிலிருந்து குடிபெயர்ந்து வந்த நிலையம் என்று சொல்லலாம். மீன்வளம் பற்றி 1954இல் தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆப் பிஷரீஸ்' என்னும் இதழ் இன்று இந்நிலையத்தோடு இணைந்தே அறியப்படுகிறது. உலக வரிசையில் அதன் எண் சிறியதே. எனினும் அந்நிலையத்தின் ஆய்வு கடலில் என்ன செய்தது என்று காண்போம். பிடிக்கத்தக்க மீனின் குறைந்த அளவை அது பரிந்துரைக்க, கேரள அரசு 2015இல் அதனை ஆணையாக்கியது. மத்திக்கு வரையறுத்த நீளம் 10 சென்டிமீட்டர். சிறுமீன் வளர்ந்து முட்டையிடுமுன் வலையில் அகப்படாமல் காப்பதே அதன் கருத்து. வலை இழுக்கும் தொழிலாளி எந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அடிக்குறிப்பு எழுதுவதில்லை. ஆயினும் அவனுடைய அடுத்த ஆண்டுக் கூலியில் அவ்வாய்வின் பயன் அடங்கியிருக்கிறது.

கோல் கொம்பானது

இத்துணைக் குறையுடைய கோல், இதழை அளப்பதை விட்டு மனிதரை அளக்கப் புகுந்ததே பெருந்தீங்கு. வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி யாவும் எண்ணைப் பற்றிக்கொண்டபின், எண்ணைப் பெருக்கும் வணிகமும் பெருகியது. பல்கலைக்கழக மானியக் குழு 2017இல் ஏற்புடைய இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4305 இதழ்களை நீக்கியது. பின்னர் கொணர்ந்த 'கேர்' பட்டியலையும் 2025இல் கைவிட்டது. 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் அறிஞர்கள் உருவாக்கிய அறிக்கை, தனி ஆய்வாளரின் தகுதியை இதழின் காரணியால் தீர்மானிக்கலாகாது என்று வற்புறுத்தியது. 2015இன் லெய்டன் அறிக்கை, உள்ளூர்ப் பயனும் உள்ளூர் மொழியும் கொண்ட ஆராய்ச்சியைப் பேணுமாறு கூறியது.

அவ்விரண்டாம் அறிவுரை தமிழர்க்கு உயிர்நாடி போன்றது. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902இல் தொடங்கிய 'செந்தமிழ்' இதழுக்குத் தாக்கக் காரணி இல்லை. தனிநாயகம் அடிகளார் 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' இதழும் அவ்வாறே. ஆனால் அவ்வாங்கில இதழ் வளர்த்த ஆர்வமும் தொடர்பும் 1964இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றமாகவும், 1966இல் கோலாலம்பூர் மாநாடாகவும் மலர்ந்தன. இத்தாக்கத்தை எந்தத் தசமப்புள்ளியால் எழுதுவது? எண் இல்லாத இதழில் எழுதிப் பயனில்லை என்று இளைஞர்கள் முடிவு செய்துவிட்டால், தமிழில் எழுதத்தக்க ஆராய்ச்சி தமிழில் எழுதப்படாமலே போய்விடும். நாம் அஞ்சுவது அதனையே.

எண்ணை வெறுத்து ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. நூலகர் கையில் அது நல்ல கருவி. ஆயின் ஒரு கட்டுரை நன்றா தீதா என்பதற்கு, அதனைப் படித்தறிதலை விடச் சிறந்த வழி இன்றுவரை இல்லை. ஆகவே நம் சங்க நூலகம் தமிழ் ஆராய்ச்சி இதழ்களை வாங்கிக் கட்டமைத்துப் பாதுகாக்கட்டும். ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள் தாம் பயன்கொண்ட தமிழ்க் கட்டுரைகளைப் பெயர் கூறிச் சுட்டட்டும். வாய்மொழியாய் அறிவு தந்த மூத்தோர் பெயரையும் குறிக்கட்டும். மேற்கோள் என்பது நன்றியின் எழுத்து வடிவம். நன்றியை முதலில் முறையாக எழுதுவோம். எண்ணுவோர் பின்னர் எண்ணிக்கொள்ளட்டும்.