சுழி சரியில்லாத குட்டி

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் குதிரை என்றதும் நினைவுக்கு வருகிறவர் ஒண்டிவீரன். நெற்கட்டும்செவல் பூலித்தேவனின் தளபதி. கும்பினிப் பட்டாளத்தின் முகாமுக்குள் தனியாளாகப் புகுந்து பட்டத்துக் குதிரையை அவிழ்க்கப் பார்த்தார், குதிரை மிரண்டது, புல்லுக்குள் பதுங்கினார், ஓடிவந்த சிப்பாய் குதிரையைக் கட்ட அடித்த முளை, புல்லுக்கடியில் இருந்த அவர் கையில் இறங்கியது. சத்தம் காட்டாமல் கிடந்தவர் பிறகு அந்தக் கையை வெட்டிக்கொண்டு குதிரையோடு வந்து சேர்ந்தார் என்று இங்கே கதை சொல்வார்கள். அன்றைக்கு ஒரு குதிரையின் விலை ஒரு கை. போன ஆடியில் இதே மண்ணில் ஒரு குதிரைக்குட்டியைச் சும்மாவே கொடுத்தார்கள். வாங்க ஆளில்லை.

செவலைக் குட்டி, ஆண். எட்டு மாதம் இருக்கும். புளியங்குடி சாலையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில் கட்டியிருந்தார்கள். வால் இன்னும் குட்டி வால்தான், சீவாத பஞ்சுபோல. விலாவை எண்ணலாம், ஆனால் வயிறு மட்டும் பானை மாதிரி, உள்ளே பூச்சி. முன்னங்குளம்பு செதுக்காமல் விட்டதால் பழைய செருப்பு நுனிபோல நீண்டிருந்தது. நெற்றியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சுழி. தரகர் அதைப் பார்த்துத்தான் "குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கல்யாண ஊர்வலத்துக்கு வைத்திருந்த பெட்டைக்குக் கால் தாங்கியதும் 'சும்மா நிக்கதுக்கு ஒரு குட்டியாவது போடட்டும்' என்று கிராசிங் போட்டதில் பிறந்தது இது. வெள்ளையாகப் பிறந்திருந்தால் காசு. பெட்டையாகப் பிறந்திருந்தாலும் பாதிக் காசு.

என் நண்பர் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார். "நிக்கட்டும் அண்ணாச்சி. புல்லு கெடக்கு, தண்ணி கெடக்கு. நாலு கால் சீவனைத் தெருவுல விட்டுட்டுப் போக மனசு வருமா?" என்றார். வராதுதான். ஆனால் அந்த நல்ல மனசு எதைத் தீர்க்கிறது, எதை வளர்க்கிறது என்று கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் பாண்டிய நாட்டில் குதிரை பெருகவே பெருகாது என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் காயல் துறைமுகத்துக்கு வந்த மார்க்கோ போலோ இதை வியப்போடு எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கடல் வழியே குதிரை வருகிறது, லாடம் அடிக்கவும் பேணவும் தெரியாமல் வருசத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடுகிறது, நல்ல குதிரையை நல்ல குதிரையோடு சேர்த்தாலும் கோணல் காலோடு குட்டி பிறக்கிறது என்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துப் போட்டதையும் குறித்திருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், இந்தக் கரைக்கும் பிற துறைமுகங்களுக்கும் சேர்த்துச் சொல்லும் எண்ணிக்கை ஆண்டுக்குப் பத்தாயிரம். மாணிக்கவாசகர் கதையில் குதிரை வாங்கப் போன பணம் கோயிலாக மாறியதை நாம் பக்தியாகப் படிக்கிறோம். கஜானாவில் குதிரைக்கென்று எவ்வளவு போயிற்று என்பதற்கும் அது சாட்சி. வாங்கியே ஆகவேண்டும், வளர்க்கத் தெரியாது என்று இருந்த தேசம், இன்றைக்கு வீட்டுக்கொல்லையில் குட்டி போடவைத்துவிட்டு 'யாராவது கொண்டுபோங்க' என்கிறது. பேணும் அறிவு அதே வேகத்தில் வளர்ந்ததா என்றால், அந்த முன்னங்குளம்பைப் பார்த்தால் தெரியும்.

இந்தியாவில் குதிரை பெருகிவிட்டதா என்றால் இல்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரையும் மட்டக்குதிரையுமாகச் சுமார் 6.25 லட்சம், 2019இல் 3.4 லட்சம். ஏழு வருசத்தில் பாதிக்குப் பக்கமாகக் குறைந்துபோயின. அப்படியானால் எங்கிருந்து மிகை? வண்டியும் சுமையும் போனபோது வேலைக்குதிரை போனது. மிஞ்சியது ஆசைக்கும் ஆடம்பரத்துக்கும் வளர்க்கும் குதிரை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் லட்சக்கணக்கில் விலை சொல்வதைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, தன் கொல்லையிலும் அப்படி ஒன்று பிறக்கும் என்று தோன்றிவிடுகிறது. நிறம், உயரம், காது, சுழி எல்லாம் ஒருசேர வாய்க்க வேண்டும். வாய்க்கும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குட்டி போட்ட ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் பதினோரு மாதம். வருசத்துக்கு ஒரு சீட்டு எடுக்கிற மாதிரிதான். பரிசு விழாத சீட்டைக் கிழித்துப் போடலாம். பரிசு விழாத குட்டி இருபத்தைந்து வருசம் உயிரோடு இருக்கும்.

சிவகிரி தாண்டி ராஜபாளையத்துக்குப் போனால் இதே கதையை நாயில் கேட்கலாம். பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்பதற்காக நிறம் தப்பிய குட்டிகளைக் கழித்துக்கட்டியது பழைய வழக்கம். அந்த வெள்ளையோடு செவிட்டுத்தனமும் சேர்ந்து வந்தது. நாய் வளர்த்து விற்பவருக்கு 2017இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பதிவு, வயது வரம்பு, ஈற்றுக்கு இடைவெளி என்று. ஊரில் எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு பேச்சு. குதிரைக்கு அதுபோன்ற தனி விதி கிடையாது. பந்தயக் குதிரைக்கு மட்டும் புனேயில் இருக்கும் ஸ்டட் புக் அமைப்பு தாய் தகப்பன் வரை மரபணு பார்த்துப் பதிகிறது. பிறப்புக்குப் பேரேடு உண்டு. ஓய்ந்த பிறகு அது எந்தத் தொழுவத்தில் நிற்கிறது என்பதற்கு அப்படியொரு பேரேடு இல்லை.

இனி ஏற்றுக்கொள்கிறவர் பக்கம். அவர் செய்வதில் பெரிய நியாயம் ஒன்று உண்டு. இளங்குட்டிக்குக் காலம் முக்கியம். ஆறு மாதத்தில் தாயைப் பிரிந்த குட்டிக்கு அடுத்த ஒன்றரை வருசம் தீனியும் குளம்புப் பராமரிப்பும் சரியாகக் கிடைத்துவிட்டால் கால் நேராக வளர வாய்ப்பு உண்டு. கிடைக்காவிட்டால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் நேராக்குவது கடினம். மனுசர் கைபட்டு வளர்ந்த குட்டி பின்னால் எந்த வீட்டுக்கும் போக முடியும். தோப்பும் கிணறும் இருக்கிற ஊரில் இது நடக்கிற காரியம். சென்னையில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு விலங்குகளுக்காக உருகுகிறவரைவிட என் நண்பர் எவ்வளவோ மேல்.

ஆனால் அவர் போட்டது நெல்வைக்கோலும் தவிடும். மேற்கு மலையடிவாரத்து வயல்காட்டில் வேறென்ன கிடைக்கும்? மாட்டுக்குச் சரி. குதிரை அசைபோடாது, வாந்தியும் எடுக்காது. தப்பான தீனி உள்ளே போனால் வெளியேற வழியில்லாமல் வயிற்றுவலி கண்டு புரளும். தவிட்டையே நம்பி வளர்த்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு கெட்டு முகமே வீங்கும். காய்ந்த புல், கொஞ்சம் கொள்ளு, தாது உப்பு, ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க ஆள், பூச்சி மருந்து. குட்டி இனாம், மாதச் செலவு இனாம் இல்லை. கூட்டத்தில் வாழும் உயிரைத் தனியாகக் கட்டிப்போட்டதால் கயிற்றைக் கடித்துக்கொண்டே நின்றது. பக்கத்தில் ஓர் ஆட்டைக் கட்டிய பிறகுதான் அடங்கியது. அதை முதலில் யோசித்தது நண்பரின் அம்மா.

எனக்கு உண்மையில் உறுத்தும் குறை வேறு. குட்டியைக் கொடுத்தவர் அன்றைக்கே பாரம் இறக்கிவைத்துவிட்டார். கால் தாங்கும் அந்தப் பெட்டை மறுபடி சினை என்று மார்கழியில் கேள்விப்பட்டேன். கொண்டுபோக ஆள் உண்டு என்று தெரிந்தால், போடவைக்கத் தயக்கம் எதற்கு? அமெரிக்காவில் 2007இல் கடைசிக் குதிரைக் கசாப்புக்கூடங்கள் மூடப்பட்ட பிறகு, கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அறுப்புக்குப் போகும் குதிரைகளை வழிமறித்துக் காசு கொடுத்து மீட்கும் பழக்கம் பெருகியது. வியாபாரிக்கு அது இன்னொரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். இரக்கம் கூடுதல் விலையும் கொடுக்கும். நம் ஊரில் காசு கைமாறவில்லை, இடம் மட்டும் காலியாகிறது. விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை.

கறவை மாட்டில் பிறக்கும் காளைக்கன்றும் வேண்டாத பிள்ளைதான். ஆனால் அதற்குச் சந்தை உண்டு, புளியரை வழியாகக் கேரளம் போகும் லாரி உண்டு. பிடிக்கிறதோ இல்லையோ, அது ஒரு முடிவு. பெட்டைக் கன்றே பெரும்பாலும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்துகூட வந்துவிட்டது. குதிரைக்கு இங்கே இரண்டும் இல்லை. ஊட்டியில் சீசன் முடிந்தால் சவாரிக் குதிரைகள் தெருவில் குப்பையைக் கிளறுகின்றன. கோடியக்கரையில் காட்டுப்பக்கம் போன மட்டக்குதிரைகள் வெளிமான் மேயும் புல்லையே மேய்கின்றன. இலங்கையின் நெடுந்தீவில் போர்த்துக்கீசரும் டச்சுக்காரரும் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள் கோடையில் தண்ணீர் இல்லாமல் சாகின்றன. அந்தத் தீவின் ஒரு பகுதியை 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அறிவிப்பு குட்டையை நிரப்பாது. இவற்றைப் பார்த்த பிறகு நண்பரைக் குறைசொல்ல நா எழவில்லை. குறைசொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஏற்றுக்கொண்டவரின் இரக்கத்தை அளக்க என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது: காயடிப்பாரா? காளைக்கன்றுக்கு நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை. ஊர்க் கால்நடை மருந்தகத்தில் இடுக்கியை வைத்து ஐந்து நிமிசத்தில் முடித்துவிடுவார்கள். குதிரைக்கு அந்த இடுக்கி ஆகாது. மயக்கம் கொடுத்துக் கத்தி வைக்கவேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பிடித்துப் போகவேண்டும். செலவும் அலைச்சலும் உண்மை. ஆனால் தள்ளிப்போடுவதற்கு அவை காரணம் இல்லை. ஆண்குதிரை என்றால் ஒரு கெத்து. 'அடிச்சிட்டா கம்பீரம் போயிருமே' என்பார்கள். இரண்டு வயதில் அந்தக் கம்பீரம் பக்கத்துத் தோப்பு வேலியை உடைக்கும், கடிக்கும், முன்னங்காலைத் தூக்கும். அப்போது மறுபடி ஆள் தேடுவார்கள், இன்னும் தொலைவில்.

தைக்குப் பிறகு தோப்புக்குப் போனேன். குட்டி தேறியிருந்தது. குளம்பைச் செதுக்கியிருந்தார்கள், விலா மறைந்து முதுகில் மினுமினுப்பு ஏறியிருந்தது. ஆடு அதன் நிழலில் படுத்திருந்தது. ராமையன்பட்டிக்கு எப்போது என்று கேட்டேன். நண்பர் அதன் பிடரியைக் கோதிவிட்டபடியே சொன்னார்:

"போணும் அண்ணாச்சி. நல்ல எலும்பாப் போட்டிருக்கான், பாத்தியளா? சுழிதான் கொஞ்சம் அப்படி இப்படி. ஒரே ஒரு ஈத்து மட்டும் பாத்துட்டு..."