இரண்டு கோடுகளுக்கு எழுந்த கைதட்டல்

ஆயிரக்கணக்கான புற்றுநோய் மருத்துவர்கள் ஒரே மண்டபத்தில் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எதற்கு? திரையில் தெரிகிற இரண்டு கோடுகளுக்கு! அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன் என்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், உங்களையும் விடப்போவதில்லை.

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை, சிகாகோ. மிச்சிகன் ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்கிற பிரம்மாண்டமான மாநாட்டு மையம். அங்கேதான் ஆஸ்கோ எனப்படும் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு. கொரோனாவால் 2020லும் 2021லும் கணினித் திரைக்குள் முடங்கிக் கிடந்துவிட்டு, மறுபடி ஆட்கள் நேரில் கூடிய வருடம் அது. தாழ்வாரத்தில் நடந்தாலே உற்சாகம்! அதிலும் ஞாயிறு மதியத்து பிளீனரி அமர்வு இருக்கிறதே, அதுதான் உச்சம். வந்து குவிகிற ஆயிரக்கணக்கான ஆய்வுகளில் ஒரு கைப்பிடியை மட்டும் பொறுக்கி மேடையேற்றுவார்கள். ஒருவர் முடிவுகளைச் சொல்லி முடித்ததும், அந்த ஆய்வில் சம்பந்தப்படாத இன்னொரு நிபுணர் வந்து அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார். எனக்கு அந்த இரண்டாவது பேச்சுகூட அவ்வளவு பிடிக்கும்.

நான் மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கிறவன். அன்றைக்கு எனக்குக் காலையிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை. அன்று மேடையேறவிருந்த டெஸ்டினி-பிரெஸ்ட்04 ஆய்வு வெற்றி என்று பிப்ரவரியிலேயே மருந்து நிறுவனம் அறிவித்திருந்தது. ஆனால் எண்கள்? அவற்றை மாநாட்டுக்கென்றே பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். எவ்வளவு வெற்றி என்று தெரியாமல் மாதக்கணக்கில் தவித்துக் கிடந்தவனுக்கு மண்டபத்தின் குளிரெல்லாம் உறைக்கவே இல்லை.

ஏன் இந்தத் தவிப்பு என்று கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் செல்லின் மேல் ஹெர்2 என்று ஒரு புரதம். பயாப்ஸி சதையைச் சாயமேற்றி, அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறதென்று 0, 1+, 2+, 3+ என மதிப்பெண் போடுவார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் மரபணுச் சோதனை செய்து முடிவு கட்டுவார்கள். பாசிட்டிவ் வருகிறவர்கள் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேர்தான். அவர்களுக்கு 1998லிருந்தே டிராஸ்டுசுமாப் என்கிற மருந்து இருக்கிறது. அதுவரை மற்றவர்கள் எல்லாரும் நெகட்டிவ், அவ்வளவுதான், பேச்சே கிடையாது. ஆனால் அந்த நெகட்டிவ் கூட்டத்துக்குள்ளே கொஞ்சமாகவாவது ஹெர்2 இருக்கிறவர்கள் உண்டு. மொத்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர்! பாதிப் பேர் என்றால் என்னவென்று நினைத்துப் பாருங்கள், தினமும் என் எதிரே வந்து உட்காருகிற பெண்களில் பாதிப் பேர்!

மேடையில் ஏறியவர் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் டாக்டர் ஷானு மோடி. மருந்து, டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான். அதன் அழகைச் சொல்லாமல் எப்படி மேலே போவது? ஹெர்2வைத் தேடிப்போய் ஒட்டுகிற ஆன்டிபாடி ஒவ்வொன்றின் முதுகிலும் ஏறக்குறைய எட்டு கீமோ மூலக்கூறுகள். செல்லுக்குள் போனதும் பிணைப்பு அறுந்து கீமோ விடுபடும். அதோடு நிற்காது, ஒரு வீட்டில் போட்ட சாம்பிராணிப் புகை பக்கத்து வீட்டுக்கும் போவதுபோலச் செல்லின் சவ்வைத் தாண்டி அக்கம்பக்கத்துப் புற்றுச்செல்களுக்கும் பரவும். கொஞ்சூண்டு ஹெர்2 இருந்தாலும் போதும் என்பதன் ரகசியம் அதுதான்!

இப்போது என்னோடு அந்த இருட்டு மண்டபத்துக்குள் வந்து உட்காருங்கள். பெரிய பெரிய திரைகள், எங்கே உட்கார்ந்தாலும் தெரியும். கொஞ்சமாக ஹெர்2 இருக்கிற 557 நோயாளிகள், எல்லாருக்கும் நோய் உடம்பில் பரவியது, எல்லாரும் ஏற்கெனவே கீமோ எடுத்தவர்கள், மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு வழக்கமான கீமோ. வந்தது பாருங்கள் அந்தப் படம்! இடது மேல் மூலையில் இரண்டு கோடுகளும் ஒன்றாகக் கிளம்புகின்றன, படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு படியாக இறங்குகின்றன, ஒவ்வொரு படியும் ஒரு பெண்ணின் நோய் முற்றிய நாள் அல்லது அவள் இறந்த நாள், அது தெரிந்துதான் நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம், கீமோவின் கோடு சரசரவென்று கீழே போகிறது, இன்னொரு கோடு போகமாட்டேன் என்று மேலேயே நிற்கிறது, நடுவில் இடைவெளி விரிகிறது, விரிந்துகொண்டே போகிறது! நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 5.1 மாதத்திலிருந்து 9.9 மாதம். அடுத்த ஸ்லைடு, உயிரோடு இருந்த காலம், 16.8 மாதத்திலிருந்து 23.4 மாதம். என் பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்தாரா நான் அவர் கையைப் பிடித்தேனா தெரியவில்லை, முன்பின் தெரியாத மனிதர், யாரோ எழுந்தார்கள், வரிசை வரிசையாக எழுந்தார்கள், நானும் எழுந்துவிட்டேன், கைதட்டல் ஓயவே இல்லை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கத் தோன்றவில்லை!

புது மருந்து எடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு நுரையீரல் அழற்சி வந்தது, சிலர் அதனால் இறந்தும் போனார்கள். கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்துதான். விலையும் அதிகம். இருக்கட்டும், அந்த இடைவெளியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

2005இல் ஆர்லாண்டோவில் நடந்த ஆஸ்கோவைப் பற்றி மூத்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அறுவை முடிந்தவர்களுக்கு டிராஸ்டுசுமாப் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று ஒரு சிறப்பு அமர்வில் அறிவித்தபோது மண்டபமே எழுந்து நின்றதாம். கேட்டுக் கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறேன். இனி எனக்கும் சொல்ல ஒரு கதை உண்டு!

கட்டுரை அன்றைக்கே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியாகிவிட்டது, எண்களை யாரும் வீட்டிலிருந்தே படிக்கலாம். படியுங்கள். ஆனால் ஒரு தடவையாவது ஜூன் மாதத்தில் சிகாகோவுக்குப் போய் அந்த மண்டபத்தில் உட்காருங்கள், சீக்கிரமே போய் நடுவில் இடம் பிடியுங்கள். அந்த வருடம் அதே மாநாட்டில் இன்னொன்றும் வெளியானது: ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு கொண்ட மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேர் டோஸ்டார்லிமாப் என்கிற மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், சிகிச்சை முடிந்தபோது 12 பேருக்குமே கட்டி தெரியவில்லை, கத்தியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை! ஒரு மனிதன் ஒரே மாநாட்டில் எத்தனை சந்தோஷத்தைத்தான் தாங்குவது?

அமர்வு முடிந்து தாழ்வாரத்துக்கு வந்ததும் வராததுமாக, சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்து எங்கள் பெத்தாலஜி மருத்துவருக்குச் செய்தி தட்டினேன். நெகட்டிவ் என்று மொட்டையாக எழுதிக் கொடுத்த பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுங்கள், அதில் எது 0, எது 1+ என்று மறுபடி பாருங்கள், இனிமேல் அந்த வித்தியாசம்தான் எல்லாமே என்று. அவர் பதில் அனுப்புவதற்குள் இன்னும் நான்கு செய்தி அனுப்பிவிட்டேன். ஆகஸ்ட் 5ஆம் தேதி அமெரிக்க மருந்து ஆணையம் கொஞ்சமாக ஹெர்2 இருக்கிற நோயாளிகளுக்கு டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகானை அனுமதித்தும் விட்டது, அந்த மதியத்திலிருந்து சரியாக இரண்டே மாதம்!