கனவு கண்டவர் யார்?

உருவகம் என்றால் என்ன என்று இலக்கிய மாணவர்களைக் கேட்டால், 'ஒன்றை இன்னொன்றாகச் சொல்வது' என்பார்கள். பிழையில்லை. ஆனால் கவிஞர் ஏன் அந்த 'இன்னொன்றை'த் தேர்ந்தெடுத்தார் என்று நாம் கேட்பதில்லை. எம்.ஏ.நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை வைத்து இதைப் பார்ப்போம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையொட்டி எழுந்த கவிதை இது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. எரிந்த நூலகத்தைச் சரஸ்வதியாக உருவகித்திருந்தால் நாம் அழுதிருப்போம், அத்தோடு முடிந்திருக்கும். நுஃமானோ நூலகப் படிக்கட்டில் புத்தரைப் பிணமாகக் கிடத்துகிறார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் பௌத்தத்திற்கு முதன்மை இடம் வழங்கிய அரசின் பொலிசாரே அவரைச் சுடுகிறார்கள். புலம்பலாக முடிந்திருக்கக்கூடிய கவிதை குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது.

சொல்லும் குரலையும் கவனிக்க வேண்டும். கவிதையில் வரும் 'நான்' தன் கனவைச் சொல்லத் தொடங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிறகு பேசுபவர்கள் அமைச்சர்களும் சுட்டவர்களுமே. உடலை மறைக்கும் வேலை நடக்கிறது. கனவைச் சொல்பவர் யாரையும் திட்டவில்லை, அழவுமில்லை. சங்க அகப்பாடலிலும் புலவர் ஒதுங்கி நிற்க, தலைவியோ தோழியோ பேசுவாள். 'கூற்று' என்று இதற்கு நம் மரபு பெயரிட்டிருக்கிறது. அதைக் கற்ற நாமே, புதுக்கவிதைக்கு வந்ததும் 'நான்' என்றால் கவிஞர்தான் என்று எண்ணிவிடுகிறோம்.

இன்னொரு தவறும் செய்கிறோம். புகலிடத்தில் இக்கவிதையை 'நமது குரல்' என்று உரிமையோடு வாசிக்கிறோம். எழுதியவர் கிழக்கிலங்கை முஸ்லிம். யாழ்ப்பாணத்து நூலகத்திற்காக அவர் இந்தக் கனவை எழுதினார். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, அவர்களுக்காக நம்மில் எத்தனை பேர் ஒரு கனவேனும் கண்டோம்? சுடப்பட்டவராக யாரைக் கிடத்தியிருப்போம்?

மாணவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். எது எதைக் குறிக்கிறது என்று எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் சொல்கிறார், யாரை நோக்கிச் சொல்கிறார் என்றும் எழுதுங்கள். கூண்டில் நிற்பவர்களிடையே சிலவேளை நாமும் இருக்கலாம்.