எல்லையும் ஆதாரமும்: ஆசியப் பறவைக் களக் கையேடுகளைத் தேர்ந்தெடுத்தல் குறித்த ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: களக் கையேடு, தெற்காசியா, தென்கிழக்காசியா, இனவகைப்பாடு, பரவல் வரைபடம், குரல், உள்ளூர்ப் பெயர்

முன்னுரை

பறவை நோக்குவதற்காக ஆசிய நாடுகளுக்குச் செல்வோர் எந்தக் களக் கையேட்டை உடன் எடுத்துச் செல்வது என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் மூன்று அளவைகளைக் கொண்டே விடை கூறப்படுகிறது: படங்களின் அழகு, நூலின் எடை, அதில் அடங்கிய பறவைகளின் எண்ணிக்கை. இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. பனிரண்டு கிலோமீட்டர் மலையேறுபவருக்கு எடை ஒரு மெய்யான சிக்கலே. ஆயினும் களக் கையேடு வெறும் படத்தொகுப்பு அன்று. எந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டும், எதனை விட்டுவிடலாம் என்று படிப்பவர்க்கு முன்கூட்டியே முடிவு செய்து தரும் பனுவல் அது. கிளைகளுக்கிடையே நொடிப்பொழுது தோன்றி மறைந்த உருவத்திற்கு அது ஒரு பெயரை முன்மொழிகிறது. அப்பெயர் பயணியின் குறிப்பேட்டில் ஏறுகிறது. பின்னர்ப் பொதுத் தரவுத்தளங்களுக்குச் செல்கிறது. இறுதியில் பரவல் வரைபடமாகி அடுத்த கையேட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது. இச்சுழற்சியில் நுழைந்த பிழையை வெளியேற்றுவது எளிதன்று. ஆகவே, தன் முடிவுகளுக்குரிய ஆதாரத்தைப் பயணியின் கண்ணில் படும்படி வைக்கும் நூலே தேர்ந்தெடுக்கத்தக்கது என்னும் நிலையிலிருந்து இக்கட்டுரை சில முதன்மையான கையேடுகளை மதிப்பிடுகிறது.

சாலிம் அலியின் அளவுகோல்

1941ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்ட சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகளின் நூல்’ இன்றைய பயணிக்குப் போதாது. அதில் இடம்பெற்ற பறவைகள் மிகக் குறைவு. ஆனால் அதன் ஓர் உத்தி இன்றும் எண்ணத்தக்கது. பறவையின் அளவைச் சென்டிமீட்டரில் மட்டும் கூறாமல் சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம், பருந்து போன்ற எல்லோரும் அறிந்த பறவைகளோடு ஒப்பிட்டுக் கூட்டல், கழித்தல் குறியிட்டுக் காட்டியது அந்நூல். பதினெட்டு சென்டிமீட்டர் என்பதைக் கண் அளவிடாது. மைனாவைவிடச் சிறிது என்பதை உடனே அளவிடும். பின்வந்த கையேடுகளில் பலவும் இந்த உத்தியைக் கைவிட்டு எண்ணுக்கு மாறின. துல்லியம் கூடியது, கண்ணுக்குரிய பயன் குறைந்தது.

தெற்காசியா: மூன்று நூல்கள், மூன்று நோக்குகள்

துணைக்கண்டத்தைப் பொறுத்தவரை தேர்வு உண்மையில் மூன்று நூல்களுக்கிடையே அமைகிறது. ரிச்சர்ட் கிரிம்மெட், கரோல் இன்ஸ்கிப், டிம் இன்ஸ்கிப் ஆகியோரின் பெருநூல் 1998இல் வந்தது. அதிலிருந்து கிளைத்த கையடக்கப் பதிப்பும் 2011இல் வந்த இரண்டாம் பதிப்பும் இன்று மிகுதியாகப் புழங்குகின்றன. கிரிஸ் காஸ்மியெர்சாக் எழுதி பெர் வான் பெர்லோ ஓவியம் தீட்டிய நூல் 2000இல் வெளிவந்தது. பமீலா ராஸ்முசென், ஜான் ஆண்டர்டன் ஆகியோரின் ‘ரிப்ளி கையேடு’ 2005இல் இரு தொகுதிகளாக வந்து 2012இல் திருத்தப்பட்டது.

காஸ்மியெர்சாக்கின் நூலில் படங்கள் சிறியவை. தனித்தனியே பார்த்தால் மற்ற இரு நூல்களின் படங்களுக்கு அவை ஈடாகா. ஆயினும் ஒரே கை வரைந்தமையால் இரண்டு இலைக் கதிர்க்குருவிகளுக்கிடையே தெரியும் வேறுபாடு பறவைகளின் வேறுபாடாகவே இருக்கிறது. ஓவியர்களின் வேறுபாடாக இருப்பதில்லை. பல ஓவியர்களின் பங்களிப்பால் உருவான நூல்களில் இந்த உறுதி கிடைப்பதில்லை. படத்தின் அழகைக் கொண்டு கையேட்டை மதிப்பிடுவோர் கவனிக்கத் தவறும் இடம் இது.

கிரிம்மெட் குழுவினரின் நூல் நடுவழியில் நிற்கிறது. தெளிவான எழுத்து, படத்திற்கு எதிர்ப்பக்கத்திலேயே விளக்கம், சுமக்கத்தக்க அளவு ஆகியன அதன் வலிமை. இனவகைப்பாட்டில் அது எச்சரிக்கையுடன் செல்கிறது. முதன்முறை வருபவர்க்கு இதனைவிடப் பொருத்தமான துணை வேறில்லை எனலாம். ஆனால் ஒரு பதிவு ஏன் ஏற்கப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது என்பதை அதன் கையடக்கப் பதிப்பு சொல்வதில்லை. அதற்குரிய இடமும் அங்கில்லை.

அந்த இடத்தை ரிப்ளி கையேட்டின் இரண்டாம் தொகுதி நிரப்புகிறது. முதல் தொகுதி களத்திற்குரிய படங்களும் வரைபடங்களும் கொண்டது. இரண்டாம் தொகுதி பண்புகள், பரவல், ஐயத்திற்குரிய பதிவுகள் ஆகியவற்றை விவாதிக்கிறது. இதன் பின்னணி தனித்து நோக்கத்தக்கது. ரிச்சர்ட் மெய்னெர்ட்ஸ்ஹாகன் (1878–1967) என்னும் பிரித்தானியப் படை அலுவலர் அருங்காட்சியகங்களிலிருந்து பிறர் சேகரித்த பறவைத் தோல்களைத் திருடி, பொய்யான இடமும் நாளும் எழுதிய சீட்டுகளை அவற்றில் இணைத்திருந்தார். அத்தோல்களை ராபர்ட் பிரைஸ்-ஜோன்ஸுடன் இணைந்து ஆராய்ந்த ராஸ்முசென் இம்மோசடியின் விரிவை வெளிப்படுத்தினார். காட்டுச் சிற்றாந்தை இதற்குச் சிறந்த சான்று. 1914இல் குஜராத்தில் தாம் சேகரித்ததாக மெய்னெர்ட்ஸ்ஹாகன் காட்டிய தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்த தோல் என்று நிறுவப்பட்டது. அப்பொய்ப் பதிவை ஒதுக்கி, மெய்யான தோல்கள் கிடைத்த இடங்களைப் பின்தொடர்ந்த ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபட் ஆகியோர் 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷாஹாதாவுக்கு அருகே அப்பறவையை உயிருடன் கண்டனர். நூறாண்டுகளுக்கும் மேலாக உறுதியான பதிவு இல்லாதிருந்த பறவை அது. மெய்னெர்ட்ஸ்ஹாகனின் சீட்டுகளை மட்டுமே சார்ந்திருந்த பல பதிவுகளை ரிப்ளி கையேடு நீக்கியதை மிகைத் திருத்தம் என்று கருத இடமில்லை. பரவல் வரைபடத்திலிருந்து ஒரு புள்ளியை அழிப்பதும் பாதுகாப்புப் பணியே என்பதை அது காட்டியது.

இத்தகைய நூலுக்கும் குறைகள் உண்டு. படங்களின் தரம் பக்கத்திற்குப் பக்கம் மாறுகிறது. இனங்களைப் பிரிப்பதில் அது காட்டிய துணிவு, பிற நூல்களோடு பெயர்ப் பொருத்தம் தேடுபவரைத் திணறச் செய்கிறது. இரண்டாம் தொகுதியைத் தோளில் தொங்கவிட்டுக் காட்டில் நடக்க எவராலும் இயலாது. ஆதலின் கிரிம்மெட் குழுவினரின் கையடக்க நூல் பையிலும் ரிப்ளியின் இரண்டாம் தொகுதி தங்குமிட மேசையிலும் இருப்பதே பொருத்தமான ஏற்பாடு.

வரைபடம் கண்டறிதலாகுமிடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் வாழும் ஒரு நீலநிறச் சிறுபறவையின் வரலாறு, கையேட்டின் ஆண்டு எத்துணை முதன்மையானது என்பதை உணர்த்தும். 1998இன் கிரிம்மெட் நூலில் அது ஒரே இனம். 2005இன் ரிப்ளி கையேட்டில் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி வடிவமும் தெற்கே வெள்ளை வயிற்று வடிவமும் இரண்டு இனங்கள். வி. வி. ராபினும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுக்கெனப் புதிய பேரினம் ஒன்றை நிறுவி, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அசம்பு மலையில் வாழ்வதை மூன்றாம் இனமாக விவரித்தது. ‘சோலைக்கிளி’ என இன்று வழங்கும் இதன் பெயரில் கிளி என்பது சிறுபறவை என்னும் பொதுப்பொருளுடையது. படிப்போர் பச்சைக்கிளியைத் தேட வேண்டியதில்லை. நீலகிரிப் பறவையின் விலாப்புறச் செம்பழுப்பு நிறத்தைக் கண்ணால் காண முடியும் என்பதால் இங்கு வரைபடம் துணைச் சான்றாகவே நிற்கிறது.

கணவாயோ கடலோ மட்டும் பிரிக்கும், தோற்றத்தில் ஏறக்குறைய ஒத்த இனங்களில் நிலைமை வேறு. அங்கே பயணி பறவையைக் கண்டறிவதில்லை. தாம் நிற்கும் இடத்தின் பெயரைப் படிக்கிறார். அவர் எழுதும் பதிவு வரைபடத்தை உறுதிப்படுத்துகிறது. வரைபடமோ அடுத்தவரின் பதிவை உறுதிப்படுத்துகிறது. எந்த இனங்கள் இடத்தால் மட்டும் பிரிக்கப்படுகின்றன என்பதை வெளிப்படையாகக் குறிப்பிடும் கையேடு இவ்வட்டத்தை உடைக்கிறது. குறிப்பிடாத கையேடு, எத்துணைப் புதிய இனவகைப்பாட்டைப் பின்பற்றினும், தவறான நம்பிக்கையையே தரும்.

தென்கிழக்காசியாவும் தீவுகளும்

தென்கிழக்காசிய நிலப்பகுதிக்கு பென் கிங், மார்ட்டின் வுட்காக், எட்வர்ட் டிக்கின்சன் ஆகியோரின் 1975ஆம் ஆண்டு நூல் நெடுங்காலம் துணையாயிருந்தது. கிரெய்க் ராப்சனின் 2000ஆம் ஆண்டு நூல் அதன் இடத்தைப் பெற்றது. மியான்மர் முதல் சிங்கப்பூர் வரை ஏழு நாடுகளை ஒரே நூலில் அடக்கிய ராப்சனின் விளக்கங்கள் செறிவானவை. ஆனால் அப்பதிப்பில் படங்கள் ஓரிடத்திலும் முழு விளக்கங்கள் பின்னேயும் உள்ளன. பரவல் சொற்களால் மட்டுமே கூறப்படுகிறது. ஒரு கையில் இருநோக்கி ஏந்தியவர் மறுகையால் பக்கம் புரட்டும் நிலையில் இந்த அமைப்பு இடர் தருகிறது. தாய்லாந்துக்கு மட்டும் செல்பவருக்கு, பூன்சோங் லெகாகுல், பிலிப் ரௌண்ட் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூல் காட்டிய வழியில், ஒரு நாட்டளவில் குறுகிய கையேடே மேலானது. அந்நாட்டில் இல்லாத பறவைகள் பக்கத்தில் இல்லாதபோது தவறான பெயர்களும் குறைகின்றன. குறுகிய எல்லைக்கு ஒரு விலை உண்டு. வழிதவறி வந்த பறவை அங்கே கண்ணில் பட்டாலும் பெயரின்றிப் போகும்.

இந்தோனேசியாவில் எல்லைச் சிக்கல் கூர்மையடைகிறது. மக்கின்னன், கேரன் ஃபிலிப்ஸ் ஆகியோரின் 1993ஆம் ஆண்டுக் கையேடு போர்னியோ, சுமத்ரா, ஜாவா, பாலி ஆகியவற்றோடு நின்றது. கோட்ஸ், பிஷப் ஆகியோரின் 1997ஆம் ஆண்டு நூல் வாலேசியத் தீவுகளை எடுத்துக்கொண்டது. பாலியிலிருந்து லொம்போக்கிற்குச் சில மணி நேரம் படகில் செல்பவர் கையேட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. உயிர்ப்புவியியலில் அந்தப் பிளவுக்கு நியாயம் உண்டு. வாலேஸ் கோடு அந்நீரிணை வழியாகவே செல்கிறது. ஈட்டன், வான் பாலென், பிரிக்கிள், ரைன்ட் ஆகியோரின் 2016ஆம் ஆண்டு நூல் இருபகுதிகளையும் ஒன்றாக்கி 1400க்கும் மேற்பட்ட இனங்களைக் காட்டியது. முறையாக இன்னும் விவரிக்கப்படாத இனங்களையும் அது சேர்த்துக்கொண்டது. இத்துணிவு பாராட்டத்தக்கதே. ஆனால் தீவுதோறும் இனம் பிரிக்கும் நூலில், மேற்கூறிய வட்டச் சிக்கல் மிகுதியாக எழுகிறது. அதனைப் பயன்படுத்துவோர் தாம் கேட்ட குரலையும் கண்ட நிறத்தையும் தீவின் பெயரோடு சேர்த்து எழுதுதல் இன்றியமையாதது.

குரலும் பெயரும்

அச்சு நூலால் குரலை முழுமையாகத் தர இயலாது. எழுத்தொலியாக்கம் மொழிக்கு மொழி மாறும். ஆங்கிலம் பேசும் காது கேட்பதைத் தமிழ்க் காது அவ்வாறே கேட்பதில்லை. ரிப்ளி கையேடு ஒலியலை வரைபடங்களை அச்சிட்டு இக்குறையை ஓரளவு நீக்கியது. ஆந்தைகளில் இதன் தேவை வெளிப்படை. இலங்கையின் செரண்டிப் சிற்றாந்தையை தீபால் வரகாகொட முதலில் குரலாலேயே அறிந்தார். 2001இல்தான் அதனைக் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. ஹாரிசனும் வொர்ஃபோக்கும் 1999இல் வெளியிட்ட இலங்கைக் கையேட்டை ஏந்திச் சென்றவர் அக்குரலைக் கேட்டிருந்தாலும் நூலில் அதற்கு விடை இருந்திராது.

உள்ளூர்ப் பெயர்களைக் கையேடுகள் கைவிட்டதும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும் 1968 முதல் 1974 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகளில் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் பெயர்கள் பதிவாயின. பின்வந்த களக் கையேடுகளில் அவற்றுக்கு இடமில்லை. பெயர் வெறும் அடையாளச் சீட்டு என்று கொண்டால் இது இழப்பன்று. ஆனால் குளிர்காலத்தில் தென்னிந்தியாவிற்கு வலசை வரும் ஒரு பறவைக்குத் தமிழில் ஆறுமணிக்குருவி என்று பெயர். அது குரல் எழுப்பும் பொழுதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. லொம்போக் தீவின் ரின்ஜானி சிற்றாந்தை 2013இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது; அதுவரை மொலுக்கஸ் தீவுகளின் ஆந்தையோடு சேர்த்து எண்ணப்பட்டது. பிரித்துக் காட்டியது முதன்மையாக அதன் குரலே. அத்தீவின் மக்களோ அதன் ஒற்றைக் கூவலைக் கேட்டு, அந்த ஒலியையே பெயராக்கி, ‘புருங் போக்’ என்று முன்பே அழைத்துவந்தனர்.